முந்நூற்று எழுபது வாக்கு

கடையம்

அன்பு மகளுக்கு,

உன் பெரியப்பா எழுதுவது. நம் தெருக்காரர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு நீதான் அட்மின். தேர்தல் வந்துவிட்டால் அந்தக் குழுவில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று முடிவெடுக்கும் பொறுப்பும் உன்னிடம் வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். வேட்பாளரைப் பற்றி ஏதாவது வந்தால் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், பாவம், ஒரு மனிதரின் பெயர் கெடுகிறதே என்பார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. அரசியலுக்கு வந்தவருக்குக் கட்சி இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், மறுப்புச் சொல்ல மேடை இருக்கிறது. வதந்தியை நம்பி ஏமாறும் வாக்காளருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கைக்கு வரும் அதிகாரத்தை, நடக்காத ஒன்றை நம்பிச் செலவழித்துவிட்டு வீடு திரும்புகிறார். பொய் என்று மறுநாள் தெரிந்தாலும் போட்ட வாக்கைத் திரும்ப வாங்க வழியில்லை. ஆகவே சரிபார்க்கும் வேலை வாக்குப்பதிவுக்கு முன்பே, வாக்காளர்களாகிய நம் கையாலேயே நடந்து முடிய வேண்டும்.

'ஒரு வதந்தியால் தேர்தல் முடிவா மாறிவிடும்? சாதியும் காசும் கூட்டணியும்தானே தீர்மானிக்கின்றன' என்று நீ கேட்கலாம். பல தொகுதிகளில் அது சரியாகவும் இருக்கலாம். பல்லாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயிக்கிற இடத்தில் ஒரு பொய்ச்செய்தி எதையும் புரட்டிவிடாது. ஆனால் நம் பக்கத்துத் தென்காசித் தொகுதியைப் பார். 2021 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸின் பழனி நாடார் அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை வென்றது 370 வாக்கு வித்தியாசத்தில். அந்தத் தேர்தலில் வதந்தி வேலை செய்தது என்று நான் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 186 பேர் மனம் மாறி எதிர்ப்பக்கம் வாக்களித்திருந்தால் முடிவு வேறு. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம். அந்தத் தென்காசி முடிவை எதிர்த்து வழக்கு நடந்து, அஞ்சல் வாக்குகளை மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அவை எண்ணப்பட்டது 2023 ஜூலையில். முடிவு மாறவில்லை. கையில் எடுத்து எண்ணக்கூடிய சீட்டைப் பற்றிய சந்தேகம் தீரவே இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு பொய் எத்தனை மனத்தை மாற்றியது என்பதை யார், எப்படி எண்ணுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(4), வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றியோ, அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டதாகவோ தெரிந்தே பொய்ச்செய்தி வெளியிடுவதை முறைகேடு என்கிறது. அதை நிரூபித்தால் வென்றவரின் தேர்தலே செல்லாமல் போகும். ஆனால் அந்தச் செய்தியை வேட்பாளரோ அவருடைய முகவரோ அவர்கள் சம்மதத்துடன் வேறொருவரோ வெளியிட்டதாக நிரூபிக்க வேண்டும். வழக்கும் முடிவு வந்த பிறகு, 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போடுவது. நம் தெருக் குழுவுக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்து விழும் ஃபார்வர்டுக்குத் தாய்தகப்பன் பெயர் ஏது? சுவரொட்டி, நோட்டீஸ் என்றால் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு இருந்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பெயர் இல்லாத நோட்டீஸைக் கண்டாலே இது மொட்டை நோட்டீஸ் என்று சந்தேகப்படும் புத்தி நம் ஊருக்கு இருந்தது. கைபேசிக்கு வந்ததும் அந்தச் சந்தேகம் ஏன் போய்விட்டது என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆம் பிரிவு, தேர்தலைப் பாதிக்கும் எண்ணத்தோடு வேட்பாளரைப் பற்றி இப்படிப் பொய் பரப்பும் எவருக்கும் பொருந்தும். ஆனால் தண்டனை அபராதம் மட்டுமே. அபராதம் கட்டுவதால் யாருடைய வாக்கும் திரும்பி வராது.

நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு வேட்பாளரைப் பற்றிய வதந்தியைத் தமிழ்நாடு எப்படி எதிர்கொண்டது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்று, நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். புரூக்ளின் மருத்துவமனையிலிருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதிக்கு வேட்புமனு கொடுத்தார். டிசம்பரில் தேர்தல். அவர் உயிரோடே இல்லை என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அதிமுகவினர் மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமெடுத்து வந்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். வதந்தி அடங்கியது, ஆண்டிபட்டியில் அவர் வென்றார், ஆட்சியும் அவர் கட்சிக்கே கிடைத்தது. இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வதந்தி. அதற்குப் படம் பதில் சொன்னது. ஆட்சி நடத்த அவர் உடல்நிலை இடம் தருமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு அந்தப் படம் பதில் ஆகாது. வதந்தியைத் தள்ளுவதென்றால் கேள்வி கேட்பதையே விட்டுவிடுவது என்று யாரும் உனக்குச் சொல்லித்தர விடாதே.

அன்றைக்கு ஒரு படம் சாட்சியாக நின்றது. இன்றைக்கு அந்தச் சாட்சியமே விலைபோகாது. 2018இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதமே, 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் பேசும் ஒலிப்பதிவை அதிமுக வெளியிட்டது. இரண்டும் செயற்கை நுண்ணறிவால் ஆனவை என்று வெளிப்படையாகவே சொல்லிச் செய்தவை, ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மறைந்த தலைவர்களையே பேசவைக்க முடிகிறதென்றால், நம் தொகுதியில் உயிரோடு இருக்கும் ஒரு வேட்பாளரைச் சொல்லாததைச் சொல்லவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இத்தகைய போலிக் காணொளிகள் தெரியவந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் அவற்றை நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. தமிழ்நாடு ஏப்ரல் 19ஆம் தேதியே வாக்களித்து முடித்திருந்தது. இன்னொரு பக்கமும் உண்டு. 2023இல் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனுடைய குரல் என்று ஒலிப்பதிவுகள் வெளிவந்தபோது, அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். அவற்றை ஆராய்ந்த வல்லுநர்களால் எல்லாப் பதிவுக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியவில்லை. ஆகவே 'என் காதால் கேட்டேன்' என்பதும் சான்று ஆகாது, 'அது போலி' என்று ஒருவர் மறுப்பதும் சான்று ஆகாது. இப்படிப்பட்ட இடத்தில் 'தெரியவில்லை' என்று நிறுத்திக்கொள்வது கோழைத்தனம் இல்லை, நேர்மை.

அப்படியானால் எதை நம்புவது? எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தை முதலில் பார். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை அது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் யாரும் படிக்கலாம். அவர்மேல் என்னென்ன வழக்கு, எந்தப் பிரிவு, தண்டனை உண்டா, தனக்கும் மனைவி அல்லது கணவருக்கும் என்ன சொத்து, எது பரம்பரை, எது வாங்கியது, கடன் எவ்வளவு, படிப்பு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். 'இவர்மேல் பன்னிரண்டு கிரிமினல் வழக்கு' என்று ஒரு செய்தி வந்தால் எண்ணிக்கையோடு நிற்காதே, பிரிவைப் படி. நம் மாநிலத்தில் சாலை மறியலுக்கும் அனுமதி இல்லாத ஆர்ப்பாட்டத்துக்கும் வழக்குப் போடுவது வழக்கம். பன்னிரண்டும் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். ஒன்றே ஒன்று கொலை முயற்சியாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசம்தான் உன் முடிவுக்கு வேண்டியது. 'அவர் வாபஸ் வாங்கிவிட்டார்' என்ற செய்தியைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. வாபஸ் பெறும் கடைசி நாள் முடிந்து இறுதிப் பட்டியல் வந்தபின் சட்டப்படி யாராலும் விலக முடியாது. வாக்கு இயந்திரத்தில் பெயரும் சின்னமும் அப்படியே இருக்கும். தொலைக்காட்சியின் முத்திரையோடு நியூஸ் கார்டு வந்தால் அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார். மேடைப்பேச்சின் பத்து விநாடி வந்தால் முழுப்பேச்சைத் தேடு.

பிரமாணப் பத்திரத்திலும் பொய் எழுதுவார்களே என்பாய். எழுதலாம். ஆனால் அதில் பொய் எழுதுவது ஆறு மாதம்வரை சிறை வைக்கக்கூடிய குற்றம். எழுதியவர் பெயரும் கையெழுத்தும் அடியில் இருக்கின்றன. பெயரில்லாத செய்தியைவிடப் பெயருள்ள பொய்யைப் பிடிப்பது எளிது. வரும் செய்தி உண்மையா பொய்யா என்று ஆராய்ந்து சொல்லும் தகவல் சரிபார்ப்பாளர்களை நம்பலாமே என்றால், அவர்களே ஒருபக்கம் சாய்ந்தவர்கள் என்ற குறையும் உண்டு. மாநில அரசே 2023இல் ஒரு தகவல் சரிபார்ப்பகத்தைத் தொடங்கியபோது, ஆளுங்கட்சியின் கீழ் இருக்கும் அமைப்பு எப்படி நடுநிலையாக இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. அதனால் அவர்கள் 'பொய்' என்று போடும் முத்திரையை அப்படியே ஏற்காமல், அதற்குக் கீழே என்ன ஆவணம் காட்டுகிறார்கள் என்று பார். மூலப்படம் எந்த ஆண்டுடையது, முழுக் காணொளி எங்கே என்று காட்டினால், காட்டியவர் யாராக இருந்தாலும் நீயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நமக்குப் பிடிக்காத வேட்பாளரைப் பற்றி மோசமாக ஒன்று வந்தால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் முந்திக்கொள்கிறது. வதந்தி எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்; ஏற்கெனவே கோபம் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் வைப்பான். ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாய்க்காகக் காத்திருக்கும் விவசாயியிடம் 'இவர்தான் கால்வாயைத் தடுத்தவர்' என்று ஒன்று வந்தால், கேரளத்துக்கு ஜல்லி ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்து வெந்துபோனவரிடம் 'இவருக்குக் குவாரியில் பங்கு' என்று ஒன்று வந்தால், எத்தனை பேர் நின்று யோசிப்பார்கள்? கோபம் நியாயமானது, அதன்மேல் ஏற்றிய செய்தி பொய்யாக இருக்கலாம். எந்தச் செய்தி உனக்குச் சந்தோஷம் தருகிறதோ அதையே முதலில் சந்தேகி. 'அவர்கள் பரப்பும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் தோற்றுவிடுவோம்' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை வைத்து விமர்சிக்கக்கூடாது என்று கட்சிகளுக்கான தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அது எல்லாக் கட்சிக்கும் பொது. தவிர, பொய் சொல்லி ஜெயித்தவர் நாளைக்கு நம்மிடமும் பொய்தானே சொல்வார்?

இரண்டு வகைச் செய்திகளுக்கு மட்டும் சரிபார்க்கும் வரைகூடக் காத்திருக்காதே, வந்தவுடன் நீக்கிவிடு. 'இந்த வேட்பாளர் நம் ஆட்களைக் கேவலமாகப் பேசினார்' என்று ஒரு சாதியையோ மதத்தையோ தூண்டிவிடுவது ஒன்று. தாமிரபரணிக் கரை மாவட்டங்களில் இப்படிப்பட்ட பேச்சு எங்கே போய் முடியும் என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. சரிபார்க்கும் முன்பே வதந்தி என்ன செய்துவிடும் என்பதற்கு வேறொரு ஊரின் கதை போதும்: 2018 மே மாதம் போளூர் அருகே, பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. செய்தியைச் சரிபார்த்தது அதற்குப் பிறகுதான். பெண் வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய செய்தியும் படமும் இன்னொன்று. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டோடு 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எத்தனையோ பெண்கள் முதன்முறையாக மனுக் கொடுத்தார்கள். அவர்களைத் தோற்கடிக்கக் கொள்கை வேண்டாம், ஒரு அசிங்கமான படம் போதும் என்று நினைப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அது உண்மையா பொய்யா என்று விசாரிப்பதே அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநியாயம். அவர் யாரோடு பேசினார் என்பதற்கும் தெருவிளக்கு எரிவதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பாய். எல்லாவற்றையும் நீ சரிபார்க்க வேண்டாம். சரிபார்க்க முடியாததை அனுப்பாமல் இருந்தால் போதும். அதற்கு நேரமே தேவையில்லை. கடைசி 48 மணி நேரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அப்போது பிரசாரம் ஓய்ந்திருக்கும், வேட்பாளர் மேடையேறி மறுக்க முடியாது; அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய பொய் வரும். ஆகவே பிரசாரம் முடியும் அன்று மாலையிலிருந்து வாக்குப்பதிவு முடியும்வரை அட்மின் மட்டுமே பதிவிடும்படி குழுவை மாற்றிவிடு. நம் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை எல்லாக் கட்சிக்கும் ஒன்றுபோலக் குழுவில் போட்டுவை, யாரையும் விட்டுவிடாதே. சந்தேகம் வந்தால் கேட்கவும் புகார் சொல்லவும் 1950 என்ற எண்ணைக் குழுவின் முகப்பில் எழுதிவை. யார் கோபித்தாலும் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா