எந்தச் சூட்டில் வெந்த கரி?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் இரண்டு பொட்டலங்களும் கிடைத்தன. ஏக்கருக்கு எத்தனை டன் கரி போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் வேறொரு பேச்சு இருக்கிறது.

பொட்டலங்களைப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தேன். டிரம்மில் நீ எரித்தது கண்ணாடி வளையல் மாதிரி கிணுங்கியது. கரிமூட்டத்தின் ஓரத்திலிருந்து எடுத்து அனுப்பியது மொத்தென்று விழுந்தது. விரலில் தேய்த்தபோது, முதல் கரி வெறும் தண்ணீரிலேயே போய்விட்டது. இரண்டாவதற்கு இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது. அந்தப் பிசுக்குதான் தார். இரண்டு பொட்டலத்திலும் ‘பயோசார்’, அதாவது மண்ணில் போடும் உயிரிக்கரி, என்றே எழுதியிருந்தாய். அது என்னை உறுத்துகிறது.

ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத் தூரை அடுக்கி மண் போர்த்தி மூட்டம் போடுகிறவர்களோடு இரண்டு நாள் உட்கார். புகை வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது. மஞ்சளாகக் கெட்டியாக வந்தால் கட்டை உடைந்து தாரும் அமிலமும் ஆவியாகின்றன. நீலமாக மெலிந்தால் கரி வெந்துவிட்டது. இந்தப் படிப்பை எந்த ஆய்வகமும் உனக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்லித்தராது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது அடுப்புக்கரி. வயலுக்குக் கணக்கு வேறு.

350 டிகிரியில் நின்றுபோன கரி எடை அதிகம் தரும். அதன் மேற்பரப்பில் ஆக்சிஜன் தாங்கிய அமிலக் கூறுகள் மிச்சமிருக்கும்; காரத்தன்மை குறைவு. ஆனால் துளைகள் அடைபட்டிருக்கும், நுண்ணுயிர்கள் அதில் ஒரு பங்கைச் சீக்கிரம் தின்றுவிடும். 600, 700 டிகிரிக்குப் போனால் எடை குறைகிறது, துளைகள் திறக்கின்றன, கரிமம் வளையம் வளையமாகப் பிணைந்து நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் நிற்கிறது. கூடவே சாம்பல் செறிந்து பி.எச். 9, 10 வரை ஏறுகிறது. நூறு கரிம அணுக்களுக்கு ஹைட்ரஜன் எழுபதுக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சான்றிதழ் கேட்பது இந்தப் பிணைப்பு நடந்ததா என்று பார்க்கத்தான். மூலப்பொருளும் கைவரிசை காட்டும்: உமிக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா நிறைந்த சாம்பல், ஆட்டுப் புழுக்கைக் கரியில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தங்கும், தழைச்சத்து பெரும்பகுதி புகையோடு போகும்.

உன் டிரம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள். 2014-இல் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட்டும் பால் டெய்லரும் உருவாக்கிய கோன்-டிகி என்ற கூம்பு உலையும் இதே தத்துவம்தான். மேலே ஆடும் நெருப்பு கீழிருந்து வரும் வாயுவை எரித்துவிடுகிறது. காற்றும் கீழே இறங்காது. மூடிப் புதைத்து ஆற விட்டால் அந்த வாயு கரியிலேயே திரும்பப் படியும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்களோடு. டிரம்மில் புகை கிளம்பினால் கட்டை ஈரம், அல்லது நீ அவசரப்பட்டு அள்ளிப் போட்டுவிட்டாய். அணைக்கும்போது தண்ணீரை அடியிலிருந்து ஏற்று. நீராவி மேலேறித் துளைகளைச் சுத்தம் செய்யும். உங்கள் ஊரில் தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றாதே. அந்த உப்பு முழுக்கக் கரிக்குள் போய் உட்காரும்.

பல வருடங்களுக்கு முன் நான் பச்சைக் கரியை நேரே கத்தரிப் பாத்தியில் கொத்திவிட்டேன். பத்து நாளில் நாற்று மஞ்சளித்தது. மண்ணில் இருந்த கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தைக் கரியும் நுண்ணுயிரும் பிடித்துக்கொண்டன. வெறும் கரி பசித்த வயிறு. குப்பைக் குழியில் பத்தில் ஒரு பங்காகக் கலந்து, கோமியம் தெளித்து, இரண்டு மூன்று மாதம் மக்க விடு. அப்படி மக்கிய கரியின் துளைகளுக்குள் மெல்லிய கரிமப் படலம் ஒன்று படிந்து, நைட்ரேட்டையும் நீரையும் பிடித்துவைப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமேசான் கருமண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதில் கரியோடு எலும்பும் சமையல் கழிவும் நூற்றாண்டுகளாகக் கிடந்ததைப் பலரும் சொல்வதில்லை.

இனி உன் மண். உயிரிக்கரியால் வெப்பமண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியது, மிதவெப்ப நாடுகளில் கூடவில்லை என்று 2017-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அந்த 25-ஐ நம்பி இறங்கிவிடாதே. புளித்த, சத்தற்ற மண்ணில் கரி சுண்ணாம்பு வேலை செய்ததுதான் அதில் பெரும்பங்கு. நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு அது பொருந்தும். உன் நிலம் களராக இருந்தால், கிணுங்குகிற அந்த நல்ல கரியைக்கூடக் கழுவாமல் போட்டால் கெடுதல். சாம்பலை மழைநீரில் அலசி, மக்கவைத்து, முதலில் இரண்டு சென்டில் மட்டும் போட்டுப் பார். பக்கத்திலேயே கரி போடாத பாத்தி ஒன்றும் இருக்கட்டும்.

மூட்டத்து ஓரக்கரியை டீக்கடை அடுப்புக்கே கொடுத்துவிடு. மற்ற மூட்டைகளின் மேல் என்ன கட்டை, எப்படி அணைத்தது, எத்தனை நாள் மக்கியது என்று எழுதி வை. மண் பரிசோதனைத் தாள் வந்ததும் பி.எச்.சையும் உப்பு அளவையும் எனக்கு அனுப்பு. அதன்பிறகு டன் கணக்கைப் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்