தோல் ஷாப்புகளும் உச்ச நீதிமன்றமும்

கேள்வி: உச்ச நீதிமன்றத்தின் மகத்தான தீர்ப்புகள் என்கிறார்களே, அவற்றால் எங்களைப் போன்ற மலையடிவார ஜனங்களுக்கு இன்று என்ன பிரயோஜனம்?
– ஒரு வாசகர், சிறுமலை

பதில்: உங்கள் திண்டுக்கல் ஜில்லாவின் பெயரும் இடம்பெற்ற தீர்ப்பொன்று உண்டு. தோல் ஷாப்புகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பாழானது பொறாத வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, அரசியல் சாசனத்தின் 21-ஆம் விதி காக்கும் ஜீவாதார உரிமையை ஆதாரமாகக் கொண்டு, மாசு செய்தவனே நஷ்டஈட்டையும் கெட்ட நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை இத்தேசத்தின் சட்டமாகப் பிரகடனம் செய்து, வட ஆர்க்காடு, ஈரோடு, திருச்சி, செங்கற்பட்டு ஆகியவற்றோடு திண்டுக்கல் ஜில்லாவின் தோல் ஷாப்புகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தொகை சொற்பந்தான்; ஆயினும், தன் தொழிலால் ஹானி விளையாது என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துபவனைச் சேருமேயன்றிக் கிணறு கெட்ட குடியானவனைச் சேராது என்று அது வகுத்த நியாயம் விலைமதிப்பற்றது.

தீர்ப்பு வந்தும் துயரம் முற்றும் தீரவில்லை என்பது வேதனைக்குரியது. 2025 ஜனவரியில் அதே வேலூர் விவகாரத்தை மீண்டும் விசாரித்த உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு அரசாங்கமே முதலில் நஷ்டஈடு கொடுத்து, மாசு செய்தவர்களிடமிருந்து பின்னர் வசூலிக்க உத்தரவிட்டது. உங்கள் கிணற்று நீர் நிறமோ மணமோ மாறினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துமூலம் மனுச் செய்யுங்கள். அதில் 1996-ஆம் வருஷத்துத் தீர்ப்பைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.