ரோமானிய நாணயங்களைப் பேணும் முறை

கேள்வி: என்னிடமுள்ள பண்டைய ரோமானிய நாணயங்கள் பெருகி வருகின்றன. அவற்றை எவ்வாறு வரிசைப்படுத்தி, எதில் வைத்துப் பாதுகாப்பது?

பதில்: அகஸ்டஸ் தொடங்கிச் சக்கரவர்த்திகளின் கால வரிசையையே அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொருவருடைய நாணயங்களையும் அவை அச்சிடப்பட்ட நகரம், உலோகம், மதிப்பு ஆகியவற்றின்படி பிரித்து வைப்பதே, சேகரிப்பு எவ்வளவு வளர்ந்தாலும் குலையாத கிரமமாகும். 1923-இல் மாட்டிங்லியும் சிடென்ஹாமும் தொடங்கிய 'ரோமன் இம்பீரியல் காய்னேஜ்' என்னும் பெருநூலில் அந்தந்த நாணயத்திற்குரிய எண்ணையும், எடை, விட்டம், கிடைத்த இடம், வாங்கிய விவரம் ஆகியவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஏனெனில், கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ தெனாரியஸ் வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தான் என்பது போன்ற சரித்திர உண்மைகள் தராசின் முன்னேதான் பிரத்தியட்சமாகின்றன. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த ரோமானியக் காசுகள் நம் பழைய கடல் வாணிபத்திற்குச் சாட்சி சொல்வதும், அவை கிடைத்த இடம் தெரிந்திருப்பதனால் அன்றோ?

பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அமிலத்தை வெளியிட்டு உலோகத்தை அரிக்கும். ஓக் மரப்பெட்டியும் அவ்வாறே தீங்கு செய்யும். ஆதலால் மஹாகனித் தட்டுகளையோ, பாலியெஸ்டர் உறைகளையோ, அமிலமற்ற காகித உறைகளையோ உபயோகித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் பெட்டியினுள் வையுங்கள். செப்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால், குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து விளைவிக்கும் வெண்கல நோய் அதுவென்று உணர்ந்து, அக்காசை உடனே தனியே பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, நிபுணரிடம் காட்டுங்கள். எக்காரணம் கொண்டும் புளியோ பாலிஷோ இட்டுத் துலக்காதீர்கள். நூற்றாண்டுகள் அளித்த மேற்படலம் ஒருமுறை போயின் மீளாது.