அரியலூர் தந்த முன்வரிசை வீரர்

வெளியூரில் எங்கள் பக்கத்தைப் பற்றிக் கேட்டால், அரியலூர் என்றால் சிமென்ட், பெரம்பலூர் என்றால் சாத்தனூர்க் கல்மரம் என்பார்கள். ஹாக்கி என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் 2022 மே 23 அன்று ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பைப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. ஒன்பதாம் நிமிடத்திலேயே கோல்! ஆட்டம் முடியச் சற்று முன்பு பாகிஸ்தான் சமன் செய்துவிட்டது எங்களுக்கு இன்னும் வருத்தமே.

ஃபார்வர்டு எனப்படும் முன்வரிசை ஆட்டக்காரரின் வேலை கோல் அடிப்பது மட்டுமே என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அது தவறு. பந்து எதிரணித் தடுப்பாளரிடம் இருக்கும்போதே ஓடிச் சென்று நெருக்கி, அவர் நிதானமாகப் பந்தைத் தள்ள இடங்கொடாதிருப்பதே முதல் வேலை. அரைவட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் செல்லும். ஆகையால் பந்து அங்கே வருமுன் நாம் அங்கே இருக்க வேண்டும். ஓடிய ஓட்டத்தில் பாதிக்கு மேல் பந்து வராமலே வீணாகும். அதைப் பார்வையாளர் கணக்கில் வைப்பதில்லை!

எங்கள் மைதானத்தில் பந்து சரளைக் கல்லில் பட்டு முழங்கால் உயரம் எழும்பும். சர்வதேச ஆட்டமோ செயற்கைப் புல்தரையில். அத்தகைய தரையும், ஹாக்கியில் ஊறிய மக்களும் உள்ள ஊர் கோவில்பட்டி. திருச்சி, மதுரை தாண்டிச் செல்ல வேண்டும். அங்குள்ள விளையாட்டு விடுதியில் தங்கித்தான் கார்த்தி தேர்ந்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்திலும், ஜப்பானை 5-0 என வென்ற அரையிறுதியிலும் கோல் அடித்தார். இறுதியில் மலேசியாவை 4-3 என வென்று இந்தியா கோப்பையைப் பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை.

"அவர் ஆண்பிள்ளை, போனார்" என்று எங்கள் வீடுகளில் சொல்கிறார்கள். அப்படியானால் லடாக்கைப் பாருங்கள். அங்குள்ள பெண்கள் ஆடுவது பனிக்கட்டியின் மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி. ஓர் அணியில் களத்தில் அறுவர், அவருள் மூவர் முன்வரிசை. முழு வேகத்தில் ஒரு நிமிடம்கூட ஆடுமுன் மூச்சு வாங்கும்; உடனே வேறு மூவர் இறங்குவர். உறைந்த குளங்களில் கற்றவர்கள் இவர்கள். குளிர் தணிந்தால் பனி உருகிவிடும், பயிற்சியும் நின்றுவிடும். லடாக் பெண்களே பெரும்பாலோராக உள்ள இந்திய மகளிர் அணி 2016இல் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் ஆடியது. 2025இல் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

தமிழக விளையாட்டு விடுதிகளில் பெண்களுக்கும் இடம் உண்டு. பதினோராம் வகுப்பில் சேர்வோரையும் தேர்வு செய்கிறார்கள். எங்கள் அணியில் மூவர் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.