வைஃபை கார்டு பொருத்துவோர் அறிய வேண்டுவன

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுள் பலருடைய வீடுகளில் ரவுட்டர் முன்கூடத்தில் இருக்கும்; கணினியோ உள்ளறையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பி இழுக்க வேண்டுமானால் சுவரில் துளையிட வேண்டும்; சொந்த வீட்டில் அதற்கு மனம் வராது, வாடகை வீட்டிலோ வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகையால், கணினிக்குள் ஒரு வைஃபை கார்டைப் பொருத்திவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணிக் கடைக்குப் போகிறார்கள். என் வீட்டிலும், உறவினர் வீடுகளிலும், நண்பர்களுடைய சிறு அலுவலகங்களிலும் இத்தகைய கார்டுகளைப் பல ஆண்டுகளாகப் பொருத்திக் கொடுத்து வரும் அனுபவத்தில் நான் கண்டது யாதெனில், ‘கார்டு பழுது’ என்று தீர்மானித்து ஒதுக்கப்பட்டவற்றுள் மெய்யாகவே பழுதானவை மிகச் சில என்பதுதான். ஏனையவை, தமக்கு ஒவ்வாத கணினியில் செருகப்பட்டமையாலோ, உரிய டிரைவர் கிடைக்காமையாலோ, ஆன்டெனா இருக்கத் தகாத இடத்தில் இருந்தமையாலோ அபகீர்த்தி அடைந்தவை.

கம்பி இழுக்க வசதியுள்ளவர்களுக்கு நான் இன்றும் கம்பியையே சிபாரிசு செய்கிறேன். அதற்கு நிகரான ஸ்திரத்தன்மை காற்றில் வரும் இணைப்புக்குக் கிடையாது. அந்த வசதி இல்லாதவர்களுக்கே பின்வரும் விஷயங்கள்.

கார்டு வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரையும் வேகத்தையும் பார்த்துத் திருப்தி அடைவது சாமானிய வழக்கம். ஆனால் உள்ளே இருந்து வேலை செய்வது அந்தப் பெயரன்று. ஒரு சிறிய சில்லு. ஒரே மாடல் பெயரில் முதலாம் பதிப்பு ஒரு நிறுவனத்தின் சில்லையும், இரண்டாம் பதிப்பு முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் சில்லையும் தாங்கி வருவது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். முதற்பதிப்புக்கான டிரைவர் இரண்டாவதற்கு உதவாது. கார்டில் ஒட்டியுள்ள சிறு சீட்டில் பதிப்பு எண் பொதுவாக இருக்கும். அது இல்லாவிட்டாலும் கவலையில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கும் பெயரின் பண்புகளுள் ‘ஹார்ட்வேர் ஐடி’ என்ற இடத்தைப் பார்த்தால், தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு எழுத்து அடையாளம் தெரியும். 8086 என்றிருந்தால் இன்டெல். அந்த நிறுவனம் 1978-இல் வெளியிட்ட பிரசித்தி பெற்ற பிராசஸரின் எண்ணையே தனக்கு அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. 10இசி என்றிருந்தால் ரியல்டெக். அதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் சில்லின் வகையைச் சொல்லும். இந்த எட்டு எழுத்துகளையும் குறித்துக்கொண்டு டிரைவர் தேடுபவர் அலையவேண்டியதில்லை.

சில்லை அறிவது எவ்வளவு அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இன்டெல் தயாரிக்கும் எம்.2 வைஃபை கார்டுகளில் இரண்டு ஜாதிகள் உண்டு. ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 ஆகியவை பூரணமான கார்டுகள். எந்தக் கணினியிலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வேலை செய்யக்கூடியவை. ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 ஆகியவையோ சிஎன்வி என்ற முறையைச் சேர்ந்தவை. அவற்றில் ரேடியோப் பகுதி மட்டுமே உண்டு, மற்ற வேலைகளைச் செய்யும் பகுதி இன்டெல் மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். என் தமக்கை மகன் மலிவாகக் கிடைத்ததென்று இந்த இரண்டாம் ஜாதிக் கார்டு ஒன்றை வாங்கி, பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் ஒன்றில் அதைச் செருகி, ஏஎம்டி பிராசஸர் உள்ள தன் கணினியில் பொருத்தியிருந்தான். கணினி அப்படி ஒரு பொருள் தன்னுள் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. மஞ்சள் முக்கோணங்கூட வரவில்லை.

“மாமா, மூணு ஸ்லாட்லயும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். கார்டு செத்துப்போச்சுன்னுதான் நினைக்கிறேன்” என்றான்.

“சாகலைப்பா. அதுக்குப் பாதி உடம்பு உன் கணினியில இல்ல. கடைக்காரர்கிட்ட பக்குவமாச் சொல்லி 201-ஐக் கொடுத்து 200-ஐ வாங்கிக்கோ” என்றேன்.

கடைக்காரரும் நல்லவர், மாற்றிக் கொடுத்தார். அன்று மாலையே இணைப்பு வந்துவிட்டது.

இனி, பொருத்தும் முறை. கணினியை ஷட் டவுன் செய்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணுவது அபாயம். பவர் சப்ளை, சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கும் வரையில், மதர்போர்டுக்கு 5 வோல்ட் அளவில் ஒரு காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சில மதர்போர்டுகளில் அணையாமல் ஒளிரும் சிறு விளக்கு அதற்குச் சாட்சி. ஆகவே பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தையும் வடியவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு நம் உடலிலுள்ள நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொண்ட பிறகே கார்டைக் கையில் எடுக்க வேண்டும். வைஃபை கார்டுக்குரியது மிகச் சிறிய எக்ஸ் 1 ஸ்லாட். அது கிராபிக்ஸ் கார்டின் அடியில் மறைந்துபோயிருந்தால், நீளமான ஸ்லாட் ஒன்றிலும் இதைத் தாராளமாகச் செருகலாம். ஆயினும் சில மதர்போர்டுகளில் ஒரு ஸ்லாட்டும் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடமும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றில் கார்டு ஏறியவுடன் மற்றொன்று உறங்கிவிடும். மதர்போர்டுடன் வரும் கையேட்டில் இதைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதைச் சிரத்தையுடன் படிப்பது உத்தமம்.

பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. கார்டின் ஓரத்திலுள்ள தகரப் பட்டையின் கீழ்முனை நாக்குப் போல நீண்டிருக்கும். அந்த நாக்கு, மதர்போர்டுக்கும் கேபினெட்டின் பின்சுவருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்துக்குள் இறங்க வேண்டும். இறங்காமல் மேலே தட்டிக்கொண்டு நின்றால், திருகை முடுக்க முடுக்கப் பட்டை ஒரு பக்கம் சாயும். கார்டின் மறுமுனை தலைமயிர் அளவு மேலே எழும்பும். தங்க முலாம் பூசிய தொடுமுனைகளுள் கடைசியில் உள்ளவை ஸ்லாட்டை விட்டு விலகும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் கார்டு ஒழுங்காகவே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். ஒரு நாள் தெரிந்து மறுநாள் மறைந்துபோகும் கார்டுகளைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நான் முதலில் திருகைத் தளர்த்தி இந்த நாக்கைத்தான் பார்க்கிறேன். ஒல்லியான கேபினெட் உள்ளவர்களுக்கென்று குட்டையான பட்டை ஒன்றும் பெரும்பாலான பெட்டிகளில் வைத்திருப்பார்கள்; அதை மாற்றிப் பூட்டாமல் நீளப் பட்டையை வளைக்க முயல்வது வீண் பிரயாசை.

வைஃபை வந்தது, புளூடூத் வரவில்லை என்பது மற்றொரு பரவலான முறையீடு. கார்டின் வைஃபை பகுதி பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே பேசுகிறது; புளூடூத் பகுதியோ யுஎஸ்பி வழியே பேசுகிறது. அதற்கென்று கார்டிலிருந்து ஒரு சிறு வயரை எடுத்து மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் கொண்ட யுஎஸ்பி முனையில் செருக வேண்டும். இந்த வயர் பெட்டிக்குள்ளேயே கிடக்க, டிரைவரை மாற்றி மாற்றி நிறுவிக் களைத்துப் போனவர்களை நான் அறிவேன்.

டிரைவர் விஷயத்தில் ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. இணைய இணைப்புக்காகக் கார்டைப் பொருத்துகிறோம்; கார்டு உயிர் பெற டிரைவர் வேண்டும்; டிரைவரை இறக்கவோ இணையம் வேண்டும். கார்டுடன் தரும் குறுந்தட்டைப் போட இக்காலக் கணினிகளில் இடமே இல்லை. இதற்குச் சுலபமான நிவாரணம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து, அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், கணினி அதைக் கம்பி இணைப்பாகவே பாவித்துக்கொள்ளும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே உரிய டிரைவரைத் தேடிக் கொண்டுவந்துவிடும். லினக்ஸ் உபயோகிப்பவர்கள் கெர்னலின் வயதைக் கவனிக்க வேண்டும்: ஏஎக்ஸ் 200-க்கு 5.1 பதிப்பும், ஏஎக்ஸ் 210-க்கு 5.10 பதிப்பும் குறைந்தபட்சத் தேவை. அத்துடன் உரிய ஃபர்ம்வேர் கோப்பும் இருக்க வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை நிறுத்திவிடுவது நல்லது. அது கணினியை முழுமையாக அணைப்பதில்லை, அரைத்தூக்கத்தில் விடப்பட்ட கார்டு லினக்ஸில் கண் விழிக்க மறுப்பதுண்டு.

எல்லாவற்றிலும் பிரதானமானது, ஆனால் எல்லோரும் அலட்சியம் செய்வது, ஆன்டெனா இருக்கும் இடம். கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. அதன் முதுகு சுவரைப் பார்த்திருக்கிறது. அந்த முதுகில், உலோகக் கேபினெட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சாண் அளவு இடைவெளியில், இரண்டு சிறிய ஆன்டெனாக்கள் வயர்க் கற்றைகளுக்குள் சிக்கி நிற்கின்றன. ரவுட்டரோ எதிர்த்திசையில் இருக்கிறது. இடையில் ஓர் இரும்புப் பீரோவும் இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை விலை உயர்ந்த கார்டானாலும், விளக்கைக் குடத்துக்குள் வைத்தது போலத்தான் ஆகும். இத்தகைய ஒரு வீட்டில், காந்த அடிப்பாகமும் ஒரு கஜ நீள வயரும் கொண்ட ஆன்டெனா ஒன்றை வாங்கி, அதைத் தூக்கி மேசை மேல் வைத்தேன், வேறொன்றையும் மாற்றவில்லை. நாற்பது சதவீதத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த சிக்னல் எண்பதை எட்டியது.

அறைக்குள் அலைகளின் நடமாட்டம் சூட்சுமமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். சுவரிலும் அலமாரியிலும் மோதித் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு ஓரிடத்தில் கூடிப் பலம் பெறும். சில விரற்கடை தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அறைகளுக்குள் எழும் இந்த எதிரொலிக் குழப்பத்துக்கு, ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஸ்தாபனத்தில் ஜான் ஓ’சல்லிவனும் அவருடைய சகாக்களும் 1990-களில் ஒரு பரிகாரம் கண்டார்கள். வெடிக்கும் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய ரேடியோத் துடிப்புகளைத் தேடிய காலத்தில் அவர் கையாண்ட கணித முறை அதற்கு உதவியது என்பதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. விண்ணைத் துருவிய வித்தை வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது! ஆயினும் அந்த வித்தையாலும் முற்றிலும் அடைபட்ட ஆன்டெனாவைக் காப்பாற்ற இயலாது. சிக்னல் குறைந்தால் கார்டைக் கழற்றுவதற்கு முன் ஆன்டெனாவை ஒரு சாண் அங்குமிங்கும் நகர்த்திப் பாருங்கள். ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைச் சாய்த்தும் வையுங்கள். அருகில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை விலக்குங்கள். அந்த இணைப்பிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2.4 அலைவரிசை சந்தைக் கூட்டம் போல நெரிசலாகிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே சுகம். ரவுட்டர் 2.4-இலேயே இருக்க வேண்டுமானால் அதன் சேனலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிறுத்துங்கள். 12, 13 சேனல்களில் இருக்கும் ரவுட்டரை, அமெரிக்க விதிகளின்படி அமைக்கப்பட்ட சில கார்டுகள் பார்ப்பதே இல்லை. பழைய கார்டு, கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைய மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, 2-உம் 3-உம் கலந்த முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கணினியைச் சற்று நேரம் சும்மா விட்டால் மட்டும் அறுந்துபோகும் இணைப்புக்குக் காரணம் பெரும்பாலும் சிக்கன முறைதான். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி இக்கருவியை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் கார்டு இணங்கவில்லையானால், கடைக்குப் போவதற்கு முன் வேறொரு கணினியில் அதைச் செருகிப் பாருங்கள். அங்கும் கண்ணில் படவில்லையென்றால், குட்டைப் பட்டை, புளூடூத் வயர், ரசீது ஆகியவற்றோடு பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, மாற்றுக் கார்டு கேளுங்கள். புதிதாக வந்ததன் பதிப்பு எண்ணையும் அங்கேயே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.