திட்டுறதுக்கு முன்னாடி மணியைப் பாரும்மா

ராயபுரம் பக்கத்து ஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கிற தங்கச்சி, உனக்கு நேரமில்லைன்னு தெரியும். நோட்டு திருத்தணும், எமிஸ்ல வருகை ஏத்தணும். கிளாஸ்ல சேட்டை பண்ற பிள்ளைங்களைப் பத்திச் சுருக்கமாவே சொல்றேன்.

1. "அவன் எப்பவுமே இப்படித்தான்"னு சொல்லாதே. எந்தப் பீரியடு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அப்புறம் அவனுக்கு என்ன கிடைச்சுது? டைரியில தினம் மூணு வரி எழுது. ரெண்டு வாரத்துல பிடிபட்டுடும்.

2. வெளியே அனுப்பாதே. எல்லாரும் செய்ற தப்பு இதுதான். கணக்குப் பீரியட்ல மட்டும் ஒருத்தன் பெஞ்சைத் தட்டுறானா, வகுத்தல் வராம தவிக்கிறானான்னு பாரு. வெளியே போன்னு சொன்னா அவன் நினைச்சது நடந்துடுச்சு, நாளைக்கும் தட்டுவான். அஞ்சு கணக்குக்குப் பதிலா ரெண்டு கொடு. "புரியல டீச்சர்"னு சொல்லப் பழக்கு. எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் வேற ரகம், அவனுக்கு வேண்டியது உன் பார்வை. அவன் ஒழுங்கா எழுதுற நேரத்துல பக்கத்துல போய் நில்லு.

3. தூங்குறவனை அதட்டாதே. காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அம்மா இருட்டோட கிளம்பியிருப்பாங்க, தம்பி தங்கச்சியைக் குளிப்பாட்டி அனுப்பினது இவனா இருக்கும். "சாப்பிட்டியா?"ன்னு முதல்ல கேளு. 2022-ல வந்த காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும்தான், ஆறாவது பிள்ளை வெறும் வயித்தோட உட்கார்ந்திருக்கலாம். விசைப்படகுக்கு ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஸ்கூல் திறக்கிறப்போ வீட்டுல காசிருக்காது. எல்லார் முன்னாடியும் "நோட்டு எங்கடா?"ன்னு கேட்டு வைக்காதே, அப்புறம் ஒரு வாரம் முறைச்சுக்கிட்டே திரிவான்.

4. கை நீட்டவே கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவு, அடியோட மனசை நோகடிக்கிறதையும் சேர்த்தே தடுக்குது. "மீன் நாத்தம்"னு நீ ஒரு தடவை சொன்னா, கிளாஸ் மொத்தமும் வருஷம் பூரா சொல்லும்.

5. உதட்டுக்குள்ள கூல் லிப் புகையிலை வெச்சிருக்கானா? தனியாக் கூப்பிட்டுப் பேசு. விக்கிற கடையை ஹெச்.எம். கிட்டச் சொல்லு, பிடிக்க வேண்டியது கடைக்காரனை.

6. அம்மாவுக்கு முதல் போன் நல்ல சேதியா இருக்கட்டும். சாயங்காலமாக் கூப்பிடு. காலையில வரச்சொன்னா அவங்களுக்கு அன்னிக்கு வியாபாரம் போச்சு.

7. வீட்டுல அடி, பயம்னு பிள்ளை வாய் திறந்தா, நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதே. 1098, குழந்தைகள் உதவி எண், அன்னிக்கே கூப்பிடு.