மணிமேகலையின் நெஞ்சமும் துறவும்

தமிழ்க் காப்பியத் தலைவியருள் நெடுந்தொலைவு பயணம் செய்தவள் மணிமேகலை. புகாரில் தொடங்கும் அவள் பயணம் மணிபல்லவம், சாவகம், வஞ்சி எனத் தொடர்ந்து காஞ்சியில் நிறைவெய்துகின்றது. கையில் அமுதசுரபியும் நாவில் அறவுரையும் கொண்ட துறவியாகவே அவளை நாம் அறிந்திருக்கிறோம். ஆயின், அவள் விட்டு வந்தது எது? விரும்பாத ஒன்றை விடுதல் எளிது; அதனைத் துறவு என்று போற்ற வேண்டுவதில்லை. அவள் விரும்பியதை விட்டாளா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

விழைவின் தோற்றம்

மலர் கொய்ய உவவனம் சென்ற மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் தேடி வருகிறான். அவள் பளிக்கறையுள் புகுந்து மறைகிறாள். அவளைக் கணிகை மரபினள் என்று இகழ்ந்தே அவன் பேசிச் செல்கிறான். அவ்விகழ்ச்சியைக் கேட்ட பின்னரும் தன் நெஞ்சம் அவன்பாற் சென்றதைத் தோழி சுதமதியிடம் மணிமேகலை மறைக்கவில்லை. காமத்தின் இயல்பு இதுவாயின் அது கெடுக என்றும் சொல்கிறாள். விழைவும் அதனை வெல்லும் வேட்கையும் ஒருங்கே பிறந்தன என்பது இங்கு நோக்கத்தக்கது.

பின்னர் மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்கிறது. ஆண்டுள்ள புத்த பீடிகை அவளுக்குப் பழம்பிறப்பை உணர்த்துகிறது. முற்பிறப்பில் அவள் இலக்குமி. திட்டிவிடம் என்னும் பாம்பால் இறந்த இராகுலன் அவள் கணவன். அவனே இப்பிறப்பில் உதயகுமரன். இவ்வறிவு அவள் அன்புக்குக் காரணம் கூறியதே அன்றி, அதனை அழிக்கவில்லை.

விடுதலும் வணங்குதலும்

தெய்வம் கொண்டு சென்றமையால் நேர்ந்த பிரிவை அவளுடைய தேர்வு எனல் இயலாது. உண்மையான தேர்வு அவள் புகார் திரும்பிய பின்னரே நிகழ்கிறது. உலக அறவியில் உதயகுமரன் அவளை எதிர்ப்பட்டுத் தவம் பூண்ட காரணத்தை வினவுகிறான். முற்பிறப்பின் கணவனாதலின் அவனை வணங்குதல் தகும் எனக் கருதி வணங்குகிறாள். பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு ஆகியவற்றை எடுத்துரைக்கிறாள். பின்பு சம்பாபதி கோயிலுள் புகுந்து காயசண்டிகை வடிவு கொள்கிறாள். அவனை வெறுத்து ஒதுக்காமல், வணங்கியே விலகுகிறாள்.

அவ்வேற்றுருவே கேடாய் முடிந்தது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியை நாடியே அரசகுமரன் வந்தான் எனப் பிறழ உணர்ந்து அவனை வாளால் வீழ்த்துகிறான். அப்போது மணிமேகலை தன் உருக் கொண்டு புலம்புகிறாள். முற்பிறப்பில் அவனை இழந்து தீப்புகுந்ததையும், உவவனத்தில் அவன்பால் உள்ளம் சென்றதையும், அவனை நல்வழிப்படுத்தவே வேற்றுருக் கொண்டதையும் சொல்லி அழுகிறாள். உடலை அணுக முற்படும் அவளைக் கந்திற்பாவை தடுக்கிறது. துறவிக்கு இவ்வழுகை இழுக்கெனச் சிலர் கருதலாம். இவ்வழுகை இல்லையேல் அவள் துறந்தது இன்னதென நாம் அறிந்திருக்க மாட்டோம் என்பதே எம் கருத்து.

நினைவின் பயன்

மகனை இழந்த அரசமாதேவி அவளுக்குப் பல தீங்குகள் இழைக்கிறாள். அவற்றைக் கடந்த மணிமேகலை, தேவி அழுவது உடலைக் குறித்தா உயிரைக் குறித்தா என்று ஆராய்ந்து, உயிரைக் குறித்ததாயின் எல்லா உயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என அறிவுறுத்துகிறாள். கொலையுண்டவனுக்காகத் தானும் அழுதவள் கூறுவதாலேயே இவ்வுரைக்கு வலிமை உண்டாகிறது.

பின்னர் அவள் சாவகம் சென்று புண்ணியராசனைக் கண்டு, மீண்டும் மணிபல்லவம் அடைகிறாள். ஆங்குத் தீவதிலகையின் வாயிலாகப் புகார் நகரைக் கடல் கொண்ட செய்தி தெரியவருகிறது. உவவனமும் உலக அறவியும் இருந்த நகரம் இனி இல்லை. திரும்பிச் செல்ல இடமற்ற நிலையில், ஒருவன்பால் தோன்றிய அன்பு பல்லுயிர்க்கும் உரிய அருளாக விரிதற்கு வழி பிறக்கிறது. பசியால் வாடிய காஞ்சி மக்களுக்கு அவள் உணவளித்ததை அவ்வருளின் நிறைவாகக் கொள்ளலாம்.

முடிவுரை

அன்பு அற்ற நெஞ்சிலிருந்து அருள் பிறப்பதில்லை. மணிமேகலை தன் காதலை மறுத்துரைக்கவும் இல்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. விட்டதன் அருமையை அறிந்தே விட்டாள். அவள் துறவு மாண்புறுவது இதனாலேயே எனத் துணிந்து கூறலாம்.